நடக்காத ஆட்டத்தில் உடைந்த முழங்கால்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். ஆட்டம் தொடங்க நேரம் இருக்கிறது. அந்தக் கோழி இறக்கைத் தட்டை நடுவில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்புங்கள். ஒரு கதை சொல்கிறேன். முடிக்கும்போது உங்களுக்குக் கொஞ்சமாவது கோபம் வரவேண்டும். வராவிட்டால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

அமெரிக்கக் கால்பந்து ஆடிய லெமுவேல் டான்ஸ்பியை உங்களில் யாரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. குவியலாக ஆட்கள் விழுந்து கிடக்கும்போது அடியில் ஒரு பெரிய பின்புறம் தெரியுமே, அதுதான் அவன். பந்தின்மேல் குனிந்து நிற்கும் எதிரணிக்காரனின் மூக்குக்கு நேரே தன் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பது அவன் வேலை. பந்து கிளம்பியதும் இரண்டு பேர் சேர்ந்து அவன்மேல் பாய்வார்கள். அவன் நகரக்கூடாது. அவன் நகராமல் இருந்தால் பின்னால் இருப்பவன் ஓடிவந்து யாரையாவது விழுத்தாட்டிப் பேர் வாங்குவான். நகர்ந்துவிட்டால் மட்டும் லெமுவேல் பேர் ஒலிபெருக்கியில் வரும்.

இப்படிப் பேர் வாங்காமலே பதினோரு அணிகளைப் பார்த்துவிட்டான். எங்கேயும் பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைத்ததில்லை. அலபாமாவில் டெமோபொலிஸில் அவனுக்கு ஒரு வீடு இருந்தது. வீட்டில் அவன் மனைவி ஓர்னெட்டா இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கண்ணாடியில் ஒரு முறை பார்த்தாலே கடைசி வரிசை வரைக்கும் அடங்கிவிடும்.

லெமுவேலின் வலது முழங்கால் கெட்டுப்போயிருந்தது. மாடிப்படி ஏறும்போது உள்ளே சரளைக்கல் அரைபடும் சத்தம் கேட்கும். அந்தக் காலுக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை வேண்டும், அதற்கப்புறமும் காலமெல்லாம் வைத்தியம் வேண்டும். அணிகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் லீக்கில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. போதுமான ஆட்டப் பருவங்கள் ஆடியவனின் உடம்பை லீக்கே சாகும்வரை பார்த்துக்கொள்ளும். லெமுவேலுக்குக் கடைசிப் பருவம் கணக்கில் சேர இன்னும் ஒரே ஓர் ஆட்டம் தேவை. ஒரே ஒரு தடவை மைதானத்துக்குள் இறங்கி ஆடிவிட்டால் போதும்.

அந்த ஓர் ஆட்டத்தை அவனுக்குக் கொடுக்கக்கூடாது என்று அணிகள் கூடிப் பேசி முடிவெடுத்தன என்று நான் சொல்லவில்லை. கூடிப் பேசாமலே எல்லோருக்கும் ஒத்த கருத்து உள்ள விஷயங்கள் உலகத்தில் உண்டு.

அந்த வருஷம் அக்டோபரில் அவன் டேட்டன் சம்மட்டிகள் அணியில் இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் தட்டி 'அரிவாள்' வந்தார். எல்லா அணியிலும் இப்படி ஒருவர் உண்டு. அணியிலிருந்து யாரை வெட்டிவிட்டாலும் சேதி கொண்டுவருகிறவர் அவர்தான். டேட்டன் அரிவாள் சாந்தமான மனிதர். கையில் எப்போதும் புதினா மிட்டாய் வைத்திருப்பார்.

"மகனே, கோச் கூப்பிடுறார்" என்றார் மிட்டாயை நீட்டி. "டேப்லெட்டையும் எடுத்துக்கிட்டு வந்துடு."

டேப்லெட்டையும் எடுத்து வா என்றால் முடிந்தது கதை. அதில் அணியின் ரகசியத் திட்டங்கள் எல்லாம் இருக்கும்.

"ஏன் என்னை எல்லாரும் மகனேன்னு கூப்பிடறீங்க?" என்று கேட்டான் லெமுவேல். "எங்கப்பா என்னை ஒரு நாளும் வீட்டை விட்டு அனுப்பலையே."

"மிட்டாய் இன்னொண்ணு எடுத்துக்கோ" என்றார் அரிவாள்.

அன்று சாயங்காலமே ஓமஹா எருதுகள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். லெமுவேலுக்கு ஒரே சந்தோஷம். ஓர்னெட்டாவுக்குப் போன் போட்டான்.

"சந்தோஷப்படாதே" என்றாள் அவள். "அவங்க ஞாயித்துக்கிழமை யாரோட ஆடறாங்க?"

"டேட்டனோட."

"அப்போ உன்னை ஆடக் கூப்பிடலை. டேட்டன் வீட்டு அடுக்களையில என்ன வேகுதுன்னு கேக்கக் கூப்பிட்டிருக்காங்க."

அதுதான் அந்த லீக்கின் வழக்கம். அடுத்த வாரம் மோதப்போகும் அணி யாரைத் துரத்துகிறதோ அவனை உடனே அழைத்து, சோறு போட்டு, விஷயத்தைக் கறந்துகொண்டு, மறுபடி துரத்திவிடுவது. இதை நேர்மையான போட்டி என்று சொல்வார்கள்.

ஓமஹாவில் முதல் நாள் அணியின் முதலாளி பெர்சிவல் ஸ்டௌட் நேரில் வந்து கை குலுக்கினார். "தம்பி, இதை அணின்னு நினைக்காதே. குடும்பம். எங்கப்பா இந்தக் குடும்பத்தை எனக்கு எழுதிவெச்சுட்டுப் போனார். நான் ஒருத்தரையும் கைவிட்டதில்லை. நேத்து வரைக்கும் உன் இடத்துல இருந்தானே, அவனையும் சொந்தப் பிள்ளையாத்தான் நினைச்சேன்." கோச் பக்கம் திரும்பினார். "அவன் பேர் என்ன?"

கோச் மெக்கார்டில் துணைக் கோச்சைப் பார்த்தார். துணைக் கோச் ஜன்னலைப் பார்த்தார்.

"நல்ல பையன்" என்று முடித்தார் ஸ்டௌட்.

பிறகு அவனை ஜன்னல் இல்லாத ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். ஏழு கோச்சுகள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் மாட்டு விலா வறுவல் ஒரு மலை இருந்தது.

"சாப்பிடு, சாப்பிட்டுக்கிட்டே சொல்லு" என்றார் மெக்கார்டில். "மூணாவது முயற்சியில, இன்னும் கொஞ்சம் தூரம்தான் பாக்கின்னு இருக்கும்போது, டேட்டன்ல உனக்கு என்ன உத்தரவு வரும்?"

"தள்ளுன்னு வரும், கோச்."

"எதைத் தள்ள?"

"முன்னாடி நிக்கறவனை."

ஏழு பேனாக்களும் எழுதின.

"சரி. நிறைய தூரம் பாக்கி இருந்தா?"

"அப்பவும் முன்னாடி நிக்கறவனைத்தான்."

"கைச்சைகை எதாவது?"

"நான் குனிஞ்சுக்கிட்டு இருப்பேன் கோச். புல்லுதான் தெரியும்."

துணைக் கோச் மெக்கார்டில் காதோரம் சாய்ந்தார். "பாத்தீங்களா? எந்தச் சூழ்நிலைக்கும் ஒரே சொல். ஒவ்வொரு இடத்துலயும் அர்த்தம் மாறுது. இவ்வளவு கெட்டியான சங்கேதத்தை நான் பாத்ததில்லை."

"ஐயா, சங்கேதம் எல்லாம் இல்லீங்க" என்றான் லெமுவேல், வாயில் விலாவுடன். "நிஜமாவே தள்ளத்தான் சொல்வாங்க."

"விசுவாசமான ஆளு" என்றார் மெக்கார்டில், கண் கலங்கி. "பழைய இடத்தைக் காட்டிக்குடுக்க மனசு வரலை. எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க."

சனிக்கிழமை வரைக்கும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு இருபது வகை அர்த்தம் கண்டுபிடித்தார்கள். வண்ண வண்ணமாய்ப் படம் வரைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை டேட்டன் அணியின் நட்சத்திரப் பந்து வீச்சுக்காரன் அதற்கு முந்தைய நாள் தின்ற சிப்பிக்கறி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் பாதி ஆட்டத்தைக் கழிப்பறையில் கழித்தான். ஓமஹா ஜெயித்தது. மெக்கார்டில் நிருபர்களிடம், "எதிரியின் மூளைக்குள் நுழைந்துவிட்டோம்" என்றார்.

லெமுவேல் சாதாரணச் சட்டையில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். மறுநாள் கோச்சிடம் போனான்.

"கோச், ஒரே ஒரு ஆட்டம் என்னை உள்ள விடுங்க. ஒரு தடவை போதும். என் முழங்கால் உங்களுக்குத் தெரியும்."

"உன்னையா? நீ எங்க மூளைடா மகனே! உள்ள விட்டு, மூளைல அடிபட்டா?"

"மூளைல அடிபடாமலா கோச் இந்த வேலைக்கு வந்தேன்?"

மெக்கார்டில் விழுந்து விழுந்து சிரித்தார். செவ்வாய்க்கிழமை ஓமஹா அரிவாள் வந்தார்.

அந்த அணியை அடுத்து எதிர்க்க இருந்தது மோபீல் நாரைகள். ஓமஹாவின் வெற்றிக்குப் பின்னால் ஒரு ரகசிய மூளை இருக்கிறது என்ற பேச்சு அதற்குள் அங்கே போய்விட்டது. தனி விமானம் அனுப்பி லெமுவேலை அழைத்தார்கள். மறுபடி ஜன்னல் இல்லாத அறை, இந்தத் தடவை பதினான்கு கோச்சுகள், பொரித்த கெளுத்தி மீன். ஓமஹாவில் என்ன உத்தரவு என்று கேட்டார்கள்.

"ஓமஹால நான் ஆடவே இல்லீங்க. வறுவல் சாப்பிட்டேன்" என்றான்.

பதினான்கு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

மோபீல் சொந்த மாநிலம் என்பதால் ஓர்னெட்டா பேருந்து வேலைக்கு விடுப்புப் போட்டு வந்துவிட்டாள். அவளை உடன் வைத்துக்கொண்டுதான் அணியின் டாக்டர் ஹாலோவெல்லைப் பார்க்கப் போனான். அணியிடம் சம்பளம் வாங்கி ஆட்டக்காரனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அவர். நல்ல கைராசிக்காரர்; அவர் கை பட்ட பிறகு ஓர் அணியும் ஒரு காலுக்கும் பொறுப்பேற்க நேர்ந்ததில்லை.

டாக்டர் முழங்காலை அமுக்கினார். லெமுவேல் கத்தினான்.

"வலிக்குதா?"

"பின்ன, பாட்டா பாடினான்?" என்றாள் ஓர்னெட்டா.

"இது எந்த அணில வந்த வலின்னு சொல்ல முடியுமா தம்பி?"

லெமுவேல் யோசித்தான். "டேட்டன்ல கொஞ்சம், டுலூத்துல கொஞ்சம், எல் பாசோல நல்லாவே..."

"அதான் சொல்றேன்" என்றார் டாக்டர். "முழங்கால்ல மோபீலோட பங்கை மட்டும் பரிசோதிச்சேன். அது பிரமாதமா இருக்கு."

"மிச்சப் பங்கு?"

"அது என் அதிகாரத்துக்குள்ள வராதும்மா."

"நீங்க டாக்டரா, வக்கீலா?"

"டாக்டர்தான். ரொம்ப நாளா இதே வேலைல இருக்கேன்" என்றார் அவர், சிறிதும் கூச்சமில்லாமல்.

ரகசிய மூளையை வேறு யாரும் கொத்திக்கொண்டு போகக்கூடாது என்று மோபீல் அவனைத் துரத்தாமல் வைத்துக்கொண்டது, ஆட மட்டும் விடவில்லை. பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. அன்றைக்கு லெமுவேலுக்கு உடுப்புக் கொடுத்தார்கள். எதற்கு? கொடி பிடிக்க. ராணுவத்துக்கு மரியாதை செய்யும் நாள் அது. மைதானம் முழுக்கப் பரப்பும் ஒரு கொடியைக் கொண்டுவந்திருந்தார்கள். வளைகுடாக் காற்று பலமாய் அடித்தது. ஒத்திகையில் பிடித்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேரைக் கொடி தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆகவே நகராத ஆள் ஒருவன் மூலைக்கு வேண்டும் என்றார்கள். உடுப்பு அணிந்து கோட்டோரம் நிற்க வேண்டுமானால் ஆடுவோர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், சேர்த்தார்கள்.

"உன்னை ஆட விடப்போறதா அர்த்தம் இல்லை" என்று மோபீல் கோச் ட்ரெட்வே முன்கூட்டியே சொன்னார். "தேசத்துக்காக நில்லு, பாட்டு முடிஞ்சதும் உக்காரு."

நின்றான். காற்று அந்தக் கொடியின் மற்ற மூன்று மூலைகளையும் பிய்த்துப் பார்த்தது, நான்காவது அசையவில்லை. மேலே போர் விமானங்கள் பறந்தன. பறந்ததற்கான கட்டணத்தை ராணுவமே அணிக்குக் கொடுத்தது. எல்லோரும் அழுதார்கள்.

கடைசிக் கால் பகுதியில் மோபீலின் நடு ஆள் கணுக்கால் பிசகிக் கீழே விழுந்தான். அவனுக்கு மாற்றாக இருந்தவன் ஏற்கெனவே விழுந்திருந்தான். எதிரணி மோபீலின் கடைசிக் கோட்டுக்கு மிக அருகில் வந்திருந்தது. ட்ரெட்வே திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிப் பக்கத்தில் இருந்த மிகப் பெரிய உடுப்பைப் பிடித்து உள்ளே தள்ளினார். "போ! போ!" தள்ளின பிறகுதான் யாரைத் தள்ளினோம் என்று பார்த்தார். அதற்குள் லெமுவேல் குனிந்தாகிவிட்டது.

மேலே இருக்கைகளில் ஓர்னெட்டா எழுந்து நின்றாள். "உள்ள போயிட்டான்" என்றாள் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம். "சாமி, கால் உள்ள வெச்சுட்டான்யா!"

பந்து கிளம்பியது. இரண்டு பேர் லெமுவேல்மேல் பாய்ந்தார்கள். அவன் நகரவில்லை. மூன்றாமவனும் வந்தான். நகரவில்லை. பந்தைச் சுமந்து ஓடிவந்தவன் அந்தத் தோளில் முட்டி, நின்ற லாரியில் மோதினவன் மாதிரி உட்கார்ந்துவிட்டான். அதே நொடியில் லெமுவேலின் முழங்காலுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சத்தம் கேட்டது. அறுபதாயிரம் பேர் கத்தினார்கள். ஒலிபெருக்கி அவன் பேரைத் தப்பாகச் சொன்னது, சொன்னதே பெரிது.

அப்போது மைதானத்தின் மறு ஓரத்தில் தவறு நடந்தால் எறிகிற மஞ்சள் துணி ஒன்று விழுந்து கிடந்ததை நடுவர் காட்டினார். பந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில், மோபீலின் பையன் ஒருவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தான். தவறு. தண்டனை. லெமுவேல் இறங்கிய அந்த ஒரு சுற்று ஆட்டம் செல்லாது. அழித்துவிட்டு மறுபடி ஆட வேண்டும்.

மறுபடி ஆடினார்கள். லெமுவேல் அதில் இல்லை. அவனை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். வழக்கப்படி கூட்டம் கை தட்டியது. வழக்கப்படி அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு மோபீல் அரிவாள் வந்தார், பூச்செண்டோடு.

லீக்கின் தலைமை அலுவலகம் நியூயார்க்கில் உயரமான ஒரு மாடியில் இருக்கிறது. பிப்ரவரியில் ஓர்னெட்டாவும் ஊன்றுகோலில் லெமுவேலும் அங்கே போனார்கள். நலக்குழு கூடியிருந்தது: தலைவர் ப்ரெஸ்டன் ஹார்கிரோவ், இரண்டு உறுப்பினர்கள், ஒரு மருத்துவ ஆலோசகர். அறைக்கு ஒரே கதவு. ஹார்கிரோவ் முன்னால் ஒரு கூஜா நிறையக் காபி இருந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது கூஜா என்று பணிப்பெண் சொன்னாள்.

"திரு. டான்ஸ்பி" என்று ஆரம்பித்தார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீங்க எங்க குடும்பம். உங்க வலி எங்க வலி. ஆனா அந்த வலி நடக்கலை."

"காலைப் பாருங்க ஐயா" என்றான் லெமுவேல்.

"காலைப் பாக்கறது எங்க வேலை இல்லை. விதியைப் பாக்கறோம். அந்த ஆட்டம் தண்டனையால ரத்தாயிடுச்சு. ரத்தான ஆட்டம் நடக்காத ஆட்டம். நடக்காத ஆட்டத்துல நீங்க ஆடியிருக்க முடியாது. ஆடாத ஆளுக்கு அதுல முழங்கால் போக வழியே இல்லை. மருத்துவ ரீதியாவும் சரிதானே டாக்டர்?"

"மருத்துவ ரீதியா ரொம்பச் சரி" என்றார் ஆலோசகர்.

"கொடி பிடிச்சானே?" என்றாள் ஓர்னெட்டா. "பட்டியல்ல பேர் இருந்துச்சே?"

"அது தேசபக்திம்மா. தேசபக்திக்குக் காப்பீடு கிடையாது." ஹார்கிரோவ் காபியை ஒரு மடக்குக் குடித்தார். "நாங்க கல் நெஞ்சுக்காரங்க இல்லை. ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா எல்லாரும் வருவாங்க. உடைஞ்ச எல்லாரும் வந்தா நாங்க எங்க போறது? எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? ஆயிரக்கணக்குல!" சொன்ன பிறகு அந்த எண்ணிக்கையில் ஏதோ தவறாகத் தொனித்தது போலத் தொண்டையைச் செருமினார். "கோரிக்கை தள்ளுபடி. நீங்க போகலாம்."

லெமுவேல் எழுந்தான். ஊன்றுகோலை வைத்துத் தட்டித் தட்டிக் கதவு வரைக்கும் போனான். அங்கே இருந்த நாற்காலியைக் கதவு நடுவில் திருப்பிப் போட்டு, அறையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் நிலையை அவன் தோள் அடைத்துக்கொண்டது.

"என்ன இது?" என்றார் ஹார்கிரோவ்.

"கால் வலிக்குதுங்க. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

"எவ்வளவு நேரம்?"

"கால் சரியாகற வரைக்கும்."

காவலர்களைக் கூப்பிட்டார்கள். வராந்தாப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஓட்டிஸும் தவீட்டாவும். லீக்கின் காவல் வேலைக்கு மலிவாகக் கிடைப்பவர்கள் பழைய ஆட்டக்காரர்கள்தானே. ஓட்டிஸுக்கு இரண்டு இடுப்பு மூட்டும் போலி. தவீட்டாவுக்கு ஒரு தோள் உயராது.

"அண்ணே" என்றார் ஓட்டிஸ் லெமுவேலின் முதுகுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக. "தள்ளச் சொல்றாங்க."

"தள்ளுங்க தம்பி. உங்க வேலை."

"வலது காலா, இடது காலா?"

"வலது."

"டேய் தவீட்டா, இடது பக்கமா நின்னு முக்குற மாதிரி முக்குடா. சத்தம் நல்லா வரணும்."

இரண்டு பேரும் முக்கினார்கள். அவ்வளவு உருக்கமான முக்கலை அந்த மாடி கேட்டதில்லை. தவீட்டா, "ஐயோ, மலைங்க, மலை!" என்று கத்தினார். ஓட்டிஸ் மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்தார். "ஐயா, இவரு தொழில்காரரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். "மூணு பேரு சேந்தே நகத்த முடியலைன்னு அன்னிக்கு எல்லாரும் பாத்தாங்களே. ஓ, மன்னிக்கணும். அது நடக்கலை இல்ல?"

மருத்துவ ஆலோசகர் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மதிய உணவு வராந்தாவில் வந்து ஆறியது. ஹார்கிரோவ் கால்மேல் கால் போட்டார். பிறகு காலை மாற்றிப் போட்டார். மூன்று கூஜா, கண்ணுகளா. அறுபத்தெட்டு வயது.

"டான்ஸ்பி, நான் வெளியே போகணும்."

"போங்க ஐயா."

"வழி விடு!"

"முடியலைங்க. கால் போயிடுச்சு. போகலைன்னு நீங்கதான் சொல்றீங்க."

ஹார்கிரோவ் நெற்றி வியர்த்தது. எழுந்து நின்றார், நிற்பது உட்காருவதைவிட மோசம் என்று கண்டு உட்கார்ந்தார். "சரி, இந்த விசாரணையே ரத்து! இந்த அமர்வு நடக்கவே இல்லை! எல்லாரும் கலைஞ்சு போங்க!"

ஓர்னெட்டா, கடைசி வரிசைப் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை பார்த்தாள்.

"சந்தோஷங்க. அப்போ நீங்க குடுத்த தீர்ப்பும் நடக்கலை. உங்க விதிப்படி அழிச்சதை மறுபடி ஆடணும். உக்காருங்க. ஆரம்பிங்க."

ஹார்கிரோவ் மறுபடி காலை மாற்றிப் போட்டார். மற்ற இரண்டு உறுப்பினர்களும் காபி குடித்திருந்தார்கள் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன்.

"அந்த ஆட்டத்தைக் கணக்குல சேக்கலாம்னு நினைக்கறவங்க..." என்று ஓர் உறுப்பினர் ஆரம்பித்தார்.

கேள்வி முடிவதற்குள் ஹார்கிரோவ் கை மேலே இருந்தது. இரண்டு கையும்.

"சாகற வரைக்கும் வைத்தியம்" என்றாள் ஓர்னெட்டா.

"சாகற வரைக்கும்!" என்றார் ஹார்கிரோவ், அதை அவர் தன்னைப் பற்றியே சொல்வது போல இருந்தது.

கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகு, ஓட்டிஸும் தவீட்டாவும் நாற்காலியோடு சேர்த்து லெமுவேலை அலாக்காகத் தூக்கி, ஒரு முக்கல்கூட இல்லாமல், வராந்தாவில் வைத்தார்கள். நலக்குழு அவனைத் தாண்டி ஓடியது. அந்த லீக்கில் அவ்வளவு வேகமான ஓட்டத்தை அந்தப் பருவத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

மறுநாள் லீக் ஓர் அறிக்கை விட்டது. குடும்பத்தில் ஒருவரைக் கைவிடுவது தங்கள் மரபிலேயே இல்லை என்றும், டான்ஸ்பிக்குத் தாங்களாகவே முன்வந்து உதவியதாகவும் சொன்னது. டெமோபொலிஸில் ஓர்னெட்டா அதைத் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டுச் சோளக்கூழைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. லெமுவேலுக்கு ஏப்ரலில் கால் புதிதாயிற்று. அவன் அலமாரியைத் திறந்து, பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான். ஓட்டிஸும் தவீட்டாவும் தங்கள் கோரிக்கையோடு அதே மாடியில் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். இந்தத் தடவை அந்த அறையில் காபி கிடையாதாம்.

போதும் கண்ணுகளா, ஆட்டம் தொடங்கப்போகிறது. உங்கள் வீட்டில் உழைக்கிறவர்களின் உடம்பு உழைப்பை விட நெடுநாள் நிலைக்கட்டும். வலிக்கிறது என்று சொன்னால் எங்கே என்று கேட்கிறவர்களே உங்கள் வாசலுக்கு வரட்டும். உங்கள் பிள்ளைகள் மாடிப்படி ஏறும்போது அவர்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கட்டும்.